மாதத் திரும்பிப் பார்வை: மினியேச்சருக்கு எழுத நிறைய இருக்கிறது, கார்டு விளையாட்டுக்கு எதை எழுதுவது?

சாம்பல்தூரிகை

மாதக் கடைசியில் தம் விளையாட்டு மேசையைத் திரும்பிப் பார்த்துக் குறிப்பு எழுதுகிறவர்களிடம் ஒரு கேள்வி. மினியேச்சர், அதாவது வண்ணம் தீட்டி ஆடும் சிற்றுருவங்களின் பக்கத்தில் நான் வார்த்தை தேட வேண்டியதே இல்லை. எந்த உருவம் முடிந்தது, எந்த நிறம் கைகொடுத்தது, எது இன்னும் கறுப்புப் பிரைமரோடு (வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) நிற்கிறது என்று பக்கம் தானாக நிறைந்துவிடும். கார்டு விளையாட்டுப் பக்கம் வந்ததும் "வென்றேன், தோற்றேன்" என்பதற்கு மேல் ஒன்றும் எழுத வருவதில்லை. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு மாலைப் பொழுதுகளைத்தான் கொடுக்கிறேன். இன்னும் சொல்லப்போனால், கார்டு ஆடும்போதுதான் அதிகம் யோசிக்கிறேன். அந்த யோசனையெல்லாம் எங்கே போகிறது?

என் குறிப்பில் உள்ளதை அப்படியே சொல்லிவிடுகிறேன். குறை எங்கே என்று நீங்களே காட்டுங்கள்.

இந்த மாதம் ஃப்ராஸ்ட்கிரேவ் குழு முடிந்தது. 2015இல் வெளிவந்த இந்த விளையாட்டை எனக்கு மிகவும் பிடிக்கும். காரணம் எளிது: மந்திரவாதி ஒருவர், அவருடைய சீடர் ஒருவர், கூலி வீரர்கள் எட்டுப் பேர் என்று பத்து உருவங்களோடு குழு நிறைந்துவிடுகிறது. யார் தயாரித்த உருவமாக இருந்தாலும் விதிகள் கேள்வி கேட்பதில்லை. அதனால் என் குழுவில் பிளாஸ்டிக், வெள்ளை உலோகம், ரெசின் மூன்றும் கலந்து நிற்கின்றன. ஒட்டுவதிலேயே பாதி வேலை. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கு உரிய பசை இரண்டு பக்கத்தையும் சற்றே கரைத்து ஒன்றாக்கிவிடும். உடைத்தாலும் ஒட்டிய இடத்தில் உடையாது. அதே பசை உலோகத்தையும் ரெசினையும் ஒன்றும் செய்யாது, அவற்றுக்கு சூப்பர் குளூதான். அதிலும் உலோக வாள் ஏந்திய கைக்கு வெறும் பசை போதாது. தோளிலும் கையிலும் சிறு துளையிட்டு நடுவே ஒரு துண்டுக் கம்பியைச் செருகினேன். இப்போது அந்தக் கையைப் பிடித்தே உருவத்தைத் தூக்கலாம்.

வண்ணத்துக்கு முதலில் முழுக்கக் கறுப்புப் பிரைமர், அது காய்ந்த பின் தலைக்கு மேலிருந்து மட்டும் வெள்ளை. ஒளி எங்கே விழும், நிழல் எங்கே தங்கும் என்பது அப்போதே உருவத்தின்மேல் எழுதப்பட்டுவிடுகிறது. அதற்குமேல் தண்ணீராக நீர்த்த வண்ணத்தை மெல்லிய படலமாக ஏற்றினால் கீழிருக்கும் வெளிச்சமும் இருட்டும் ஊடுருவித் தெரியும். மந்திரவாதியின் மேலங்கியை இப்படித்தான் செய்தேன். நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறும் அந்த மடிப்புகள் இந்த மாதத்தில் எனக்கு மிகப் பெரிய மகிழ்ச்சி.

வீரர்கள் எட்டுப் பேருக்கும் ஒரே மஞ்சட்காவி உடை, தலையில் மட்டும் ஆளுக்கொரு நிறம். 28 மில்லிமீட்டர் உருவத்தில் முகம் என்பது சில மில்லிமீட்டர்தான். மேசைக்கு மேல் குனிந்து நிற்கும்போது கண்ணில் படுவது தலையும் தோளும். கண்மணியைத் தீட்டுவதற்குச் செலவிடும் நேரத்தைத் தலைப்பாகைக்குக் கொடுத்தால், வில்லாளி யார், திருடன் யார் என்று கைக்கெட்டும் தொலைவிலேயே தெரிந்துவிடும். விளையாடுவதற்காகத் தீட்டுகிறவர்கள் முதலில் இதைத்தான் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அவர்கள் மேசைக்கும் வந்தார்கள். சிவப்புத் தலைப்பாகைக்காரன் குறுக்குவில்லோடு இடிந்த சுவர்மேல் ஏறி நின்றான். எதிரணிச் சீடர் புதையலோடு ஓடிக்கொண்டிருந்தார். இருவரும் 20 முகப் பகடை உருட்ட வேண்டும், நான் எய்யும் திறனைக் கூட்டுவேன், அவர் போரிடும் திறனைக் கூட்டுவார். எனக்கு 19 விழுந்தது. சீடர் அங்கேயே சாய்ந்தார். இரண்டு ஆறுமுகப் பகடைகளைச் சேர்த்து உருட்டும் விளையாட்டுகளில் 7 அடிக்கடி வரும், 2உம் 12உம் அரிதாக வரும். 20 முகப் பகடையிலோ 1 வரும் வாய்ப்பும் 20 வரும் வாய்ப்பும் ஒன்றேதான். அந்தக் கொந்தளிப்பைச் சிலர் குறை என்பார்கள். பனி மூடிய பாழ்நகரில் திருடப் போகிறவர்களின் கதைக்கு அதுதான் பொருத்தம் என்கிறேன் நான்.

கார்டு பக்கம் பாருங்கள். மேஜிக்: த கேதரிங், பச்சைக் கட்டு, 60 கார்டுகள். மற்ற கார்டுகளை இறக்கத் தேவையான மானா என்ற சக்தியைத் தருபவை நிலக் கார்டுகள். 24 ஆக இருந்த அவற்றை 22 ஆக்கினேன். லானோவார் எல்வ்ஸ் என்ற உயிரிக் கார்டு நான்கு இருக்கின்றனவே, அவையும் மானா தருகின்றனவே என்ற கணக்கு. ஆடினோம். சில வென்றேன், சில தோற்றேன். அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

நீங்கள் எதை எழுதுகிறீர்கள்? இரண்டையும் ஒரே குறிப்பேட்டில் வைக்கலாமா? புதிதாக வாங்கியதையும் சேர்த்து எழுதுவது நல்லதா?

---

ஏழுகலைப்பு

வெற்றி தோல்வியை முதலில் விட்டுவிடுங்கள். ஒரு மாதத்தில் ஆடும் ஆட்டங்களை வைத்துக் கட்டு நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது. நல்ல கட்டும் ஒரு மாதம் தோற்கும். எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது அதிர்ஷ்டத்தின் குரல்தான் உரக்கக் கேட்கும்.

நான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மூன்றை எழுதுகிறேன். தொடக்கக் கையில் என்ன இருந்தது, அதை வைத்துக்கொண்டேனா மாற்றினேனா. ஆட்டம் எந்தச் சுற்றில் திரும்பியது. முடியும்போது என் கையில் பயன்படாமல் கிடந்த கார்டு எது. மூன்றாவதுதான் பொக்கிஷம். ஒரே கார்டு திரும்பத் திரும்ப அந்தப் பட்டியலில் வந்தால் அதை வெளியே எடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

இப்போது உங்கள் 22 நிலங்களுக்கு வருகிறேன், ஏனென்றால் அதில்தான் உங்கள் மாதத்தின் கதை இருக்கிறது. 60 கார்டுகளில் 24 நிலம் என்றால், ஏழு கார்டுத் தொடக்கக் கையில் சராசரியாக 2.8 நிலம் வரும். ஒரு நிலமோ நிலமே இல்லாமலோ வரும் வாய்ப்பு 14.3 விழுக்காடு. ஐந்தும் அதற்கு மேலும் வரும் வாய்ப்பு 8.3 விழுக்காடு. 22 ஆக்கியதும் நிலம் பஞ்சமான கை 19 விழுக்காட்டுக்கு ஏறுகிறது, நிலம் மிகுந்த கை 5.6க்கு இறங்குகிறது. அதாவது ஒரு பக்கம் ஏறக்குறைய ஐந்து விழுக்காடு கூடுதல் ஆபத்தை வாங்கி, மறுபக்கம் மூன்றுக்கும் குறைவான நிம்மதியைப் பெற்றிருக்கிறீர்கள். இது தவறு என்று நான் சொல்லவில்லை. தொடக்கக் கைக்குப் பிறகும் ஆட்டம் நீள்கிறது, பிற்பாதியில் நிலத்துக்குப் பதில் ஓர் உயிரி வருவது பெரிய லாபம். ஆனால் எல்ஃபை நிலமாக எண்ணியதை மட்டும் ஏற்க மாட்டேன். நான்கு பிரதி வைத்த கார்டு தொடக்கக் கையில் வரும் வாய்ப்பே சுமார் 40 விழுக்காடுதான். வந்தாலும் அதை இறக்க முதலில் ஒரு நிலம் வேண்டும். நிலமில்லாத கையில் எல்ஃப் வெறும் படம். எதிரில் சிவப்புக் கட்டு இருந்தால் லைட்னிங் போல்ட் ஒன்றே போதும், மூன்று சேதத்துக்கு முன் எல்ஃபின் உயிர் ஒன்றுதான்.

ஆகவே உங்கள் குறிப்பில் "எல்ஃபை நம்பி வைத்துக்கொண்ட கைகள்" என்று தனியாக ஒரு வரி வையுங்கள். எல்ஃப் பிழைத்ததா, இரண்டாம் நிலம் வந்ததா என்பதை மட்டும் எழுதுங்கள். இரண்டு மாதத்தில் அந்த வரி உங்களுக்கே பதில் சொல்லும்.

கலைப்பதையும் கவனியுங்கள். 52 சீட்டுள்ள கட்டை இரண்டாகப் பிரித்துச் சரசரவென்று ஒன்றோடொன்று கோக்கும் முறையில் ஏழு முறை கலைத்தால் நடைமுறைக்குப் போதும் என்று பேயரும் டையகோனிஸும் 1992இல் காட்டினார்கள். கட்டு பெரிதானால் தேவையும் சற்றே கூடும். கார்டுகளை மேசையில் குவியல் குவியலாக எண்ணி வைப்பது எண்ணிக்கையைச் சரிபார்க்க உதவும், கலைப்பு ஆகாது. சரியாகக் கலைக்காத கட்டை வைத்து எழுதிய குறிப்பு கட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இன்னொன்று. ஆட்டம் முடிந்ததும் எதிரில் இருப்பவரிடம் அவர் கையைக் காட்டச் சொல்லுங்கள். நெட்ரன்னர் ஆடுகிறவர்களிடம் இந்தப் பழக்கம் எனக்கு வந்தது. மேஜிக்கை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டே 1996இல் தந்த விளையாட்டு அது. ஒருவர் நிறுவனம், மற்றவர் ஊடுருவி. நிறுவனம் கார்டுகளைக் கவிழ்த்தே வைக்கும். ஆட்டம் முடிந்த பின் அவற்றைத் திருப்பிப் பார்க்கும் அந்தச் சில நிமிடங்களில் நான் கற்றது அதிகம். எங்கே பயந்து பின்வாங்கினேன், அங்கே உண்மையில் என்ன இருந்தது என்பது தெரிந்தால்தான் எழுதுவதற்கு விஷயம் கிடைக்கும்.

---

ஈரத்தாள்

கார்டு பற்றி மேலே சொன்னவரோடு போட்டி போட மாட்டேன். ஆனால் சாம்பல்தூரிகை, மினியேச்சர் பக்கம் நிறைந்திருக்கிறது என்று சொல்கிறீர்களே, அதில் எனக்குச் சம்மதமில்லை. மஞ்சட்காவி என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த மஞ்சட்காவி? எதோடு எவ்வளவு கலந்தீர்கள்? மேலே எந்த வாஷ் (பள்ளங்களில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த வண்ணம்) ஓடியது, அது காய்ந்த பின் எந்த நிறத்தால் விளிம்பைத் தூக்கினீர்கள்? ஃப்ராஸ்ட்கிரேவில் ஆள் சாவான், புதிய ஆளைக் கூலிக்கு எடுப்பீர்கள். ஆறு மாதம் கழித்து ஒன்பதாவது வீரனுக்கு உடை தீட்டும்போது அந்தக் காவி கிடைக்காமல் திண்டாடுவீர்கள். குழுவில் அவன் மட்டும் வேற்றாளாகத் தெரிவான்.

என் குறிப்பேட்டில் நிறத்தின் பெயரை மட்டும் எழுதுவதில்லை, நிறத்தையே தடவி வைக்கிறேன். கெட்டி அட்டைத் துண்டில் பாதி கறுப்புப் பிரைமர், பாதி வெள்ளை. இரண்டின்மேலும் அந்தக் கலவையை ஒரு இழுப்பு. அக்ரிலிக் வண்ணம் காய்ந்தால் ஈரமாக இருந்ததைவிடச் சற்று இருண்டுவிடும் என்பதால், காய்ந்த பட்டைதான் உண்மை பேசும். பக்கத்தில் "இரண்டு பங்கு காவி, ஒரு பங்கு பழுப்பு, செம்பழுப்பு வாஷ், கடைசியில் காவியோடு எலும்பு வெள்ளை" என்பது போல ஒரே வரி. அந்தத் துண்டை அப்படியே பக்கத்தில் ஒட்டிவிடுவேன்.

கலவையை மறுநாளும் காப்பாற்ற ஈரத் தட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூடியுள்ள ஒரு தட்டையான டப்பா, உள்ளே நனைத்த பஞ்சுத் தகடு, அதன்மேல் நெய்த்தாள். வண்ணத்துக்கு அடியிலிருந்து ஈரம் வந்துகொண்டே இருக்கும். மூடி வைத்தால் மறுநாளும் அதே நிறத்தோடு வேலையைத் தொடரலாம். எட்டு வீரர்களுக்கு ஒரே உடை தீட்டுகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

அடுத்தது நாளின் ஈரப்பதம். இதை எழுதுகிறவர்கள் குறைவு, நான் கட்டாயம் எழுதுவேன். காற்று ஈரமாக இருக்கும் நாளில் பிரைமர் தெளித்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடலாம். பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அதைவிடப் பொல்லாதது. ஈரம் உள்ளே சிக்கிக்கொண்டால் உருவம் முழுவதும் வெண்மூட்டம் படிந்துவிடும், வாரக்கணக்கில் உழைத்த மேலங்கி ஒரு நிமிடத்தில் மங்கிப்போகும். பளபளப்பு வார்னிஷை ஒரு பூச்சுப் பூசினால் பெரும்பாலும் நிறம் திரும்பிவிடுகிறது. பிறகு நல்ல வறண்ட நாளில் மேட் பூசலாம். சூப்பர் குளூ மட்டும் நேர் எதிர். அது இறுகுவதற்கே ஈரம்தான் தேவை. இவற்றையெல்லாம் தேதியோடு எழுதி வைத்தால், தெளிக்கும் வேலையை எந்த மாதத்தில் முடித்துக்கொள்ள வேண்டும் என்பது அடுத்த ஆண்டு தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் கார்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். மினுமினுக்கும் ஃபாயில் கார்டுகள் வளைவதும் இதனால்தான். காகிதம் ஈரத்தைக் குடித்து விரிகிறது, ஃபாயில் படலம் விரிவதில்லை, அதனால் கார்டு படலத்தின் பக்கமாக வளைகிறது. காற்று வறண்டால் எதிர்ப்பக்கம். கட்டுக்குள் ஒரே ஒரு வளைந்த கார்டு இருந்தால் முதுகைப் பார்த்தே அதை அடையாளம் சொல்லிவிடலாம், போட்டியில் அது அடையாளமிட்ட கார்டாகக் கருதப்படும். ஆக ஈரப்பதத்துக்கான வரி இரண்டு பக்கத்துக்கும் பொது. அதனாலேயே ஒரே குறிப்பேடு என்பது என் பதில்.

தலைப்பாகை பற்றிச் சொன்னது அருமை, அதை நானும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் குழுவை ஒன்றாக்க உடை நிறமே தேவையில்லை. பத்து உருவங்களின் அடித்தட்டுகளுக்கும் ஒரே மண், ஒரே பனி, ஒரே விளிம்பு நிறம் கொடுத்துப் பாருங்கள். உடைகள் எவ்வளவு வேறுபட்டாலும் அவர்கள் ஓர் ஊர்க்காரர்களாகத் தெரிவார்கள்.

வாங்கியதை எழுதாதீர்கள். பிரிக்காத பெட்டிகளின் பட்டியலைப் பார்த்தால் தூரிகையை எடுக்கும் ஆசையே போய்விடும்.

---

பழையபகடை

தம்பி, உங்கள் கேள்வியில் பழைய விஷயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. பிரஷ்யப் படையில் 1824 அளவில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி போர் விளையாட்டு ஒன்றை அமைத்துக் கொடுத்தார். 1:8000 அளவில் வரைந்த நிலப்படம், அதன்மேல் சிவப்பும் நீலமுமான படைக் கட்டைகள், பகடை, எல்லாவற்றையும் தீர்மானிக்க ஒரு நடுவர். இளம் அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவதுதான் அதன் நோக்கம். அப்படிப்பட்ட விளையாட்டில் யார் வென்றார் என்பதைவிட, ஏன் அந்த ஆற்றங்கரையில் படையை நிறுத்தினாய் என்று பிறகு பேசுவதற்குத்தான் மதிப்பு அதிகம். நீங்கள் இன்று செய்யும் திரும்பிப் பார்வைக்கு அந்த வேர் உண்டு.

ஹெச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மை வீரர்களைத் தரையில் பரப்பி, வில்சுருள் பீரங்கியால் சுட்டு விளையாடும் விதிகளை எழுதினார். வெறும் விதிகளோடு அவர் நிறுத்தவில்லை. ஹூக்ஸ் ஃபார்ம் என்ற இடத்தில் நடந்ததாக ஒரு சண்டையை முழுதாக விவரித்தார். விதியைப் படித்து விளங்காதவருக்கும் அந்தச் சண்டையைப் படித்தால் விளங்கும். ஆடிய ஆட்டத்தைச் சொல்வது அன்றிலிருந்தே இந்தப் பொழுதுபோக்கின் ஓர் அங்கம்.

நான் செய்வது இது. குறிப்பேட்டில் ஒரு சதுரம் வரைந்து மேசையைக் குறிப்பேன். சுவர், மரம், ஆறு எல்லாம் கோட்டுருவில். அதன்மேல் மூன்று அம்புக்குறிகளுக்கு மேல் போட மாட்டேன். ஆட்டத்தைத் தீர்மானித்த மூன்று நகர்வுகள். நான்காவது அம்புக்குறி போடத் தோன்றினால், ஏற்கெனவே போட்டதில் ஒன்று முக்கியமில்லை என்று அர்த்தம், அதை அழிப்பேன். பண்டைக்காலப் படைகளுக்கான டிபிஏ என்ற விளையாட்டை ஆடி வந்தவன் நான். 1990இல் வந்தது. படைக்குப் பன்னிரண்டு பிரிவுகள்தான், நான்கை இழந்தால் பொதுவாகத் தோல்வி. அவ்வளவு சிறிய படையில் எந்தப் பிரிவு எந்தக் கணத்தில் வீணாகப் போனது என்பது பளிச்சென்று தெரியும். பெரிய படைகளோடு ஆடுகிறவர்களுக்கு இந்தத் தெளிவு கிடைப்பது கடினம். உங்கள் பத்துப் பேர் குழுவுக்கு நிச்சயம் கிடைக்கும்.

சிவப்புத் தலைப்பாகைக்காரனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 19 விழுந்தது என்பதில் எழுத ஒன்றுமில்லை, அது பகடையின் செயல். அவனைச் சுவர்மேல் ஏற்றியது உங்கள் செயல். அதற்கு எத்தனை நகர்வு செலவானது, அந்த நேரத்தில் வேறு எந்தப் புதையலை விட்டுக்கொடுத்தீர்கள் என்பதை எழுதுங்கள். 3 விழுந்திருந்தாலும் ஏற்றியது சரிதானா என்று கேளுங்கள். ஏழுகலைப்பு கார்டுக்குச் சொன்னதும் இதேதான், நன்றாகவே சொன்னார்.

வாங்கியதை எழுதக் கூடாது என்ற ஈரத்தாளின் கருத்தோடு நான் மாறுபடுகிறேன். எழுதுங்கள், ஆனால் பொருளின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். "இந்தக் கல்லுருவம் ஃப்ராஸ்ட்கிரேவில் சுற்றித் திரியும் மிருகமாக வரும்" என்று, அது மேசையில் வகிக்கப்போகும் இடத்தோடு எழுதுங்கள். இடம் சொல்ல முடியாத பொருளை வாங்கும் முன்பே கை நின்றுவிடும்.

---

சாம்பல்தூரிகை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

பழையபகடை ஐயா, உங்கள் மூன்று அம்புக்குறிகளை நேற்றே வரைந்து பார்த்தேன். குறுக்குவில்காரன் எனக்கு முதல் அம்புக்குறியாகக்கூட வரவில்லை. சீடர் அந்தச் சந்து வழியாக ஓடியதற்குக் காரணமே, அதற்கு இரண்டு சுற்று முன்பு என் மந்திரவாதி மறுபக்கத்தை அடைத்து நின்றதுதான். அதைப் பற்றி என் பழைய குறிப்பில் ஒரு சொல்கூட இல்லை. மேலங்கியைப் பற்றி மட்டும் ஒரு பத்தி இருக்கிறது. அந்தப் பத்தியை நீக்க மாட்டேன், அது எனக்குப் பிரியமானது. பக்கத்தில் சதுரமும் வரும்.

ஈரத்தாள் அக்கா, அட்டைத் துண்டில் நிறம் தடவி ஒட்டும் யோசனைக்காகவே இந்தக் கேள்வியைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. காவிக் கலவை இன்னும் கையில் இருக்கிறது, இன்றே தடவி வைக்கிறேன். ஆனால் அடித்தட்டு மட்டும் போதும் என்பதை ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. பனி மூடிய நிலத்தை நான் பெரும்பாலும் வெள்ளையாகத்தான் செய்வேன், மேசையும் வெள்ளை. அங்கே அடித்தட்டு கரைந்துவிடும், காவி உடைதான் நிற்கும். எதிரணியினர் அடித்தட்டும் பனிதானே. கறுப்பு மேசையில் ஆடும்போது உங்கள் முறையைச் செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

வாங்குவது பற்றி ஐயா பக்கமே சாய்கிறேன். பிரிக்காத பெட்டியைப் பார்த்து எனக்குச் சோர்வு வருவதில்லை. அது எங்கே நிற்கும் என்று தெரியாதபோதுதான் சோர்வு வருகிறது.

ஏழுகலைப்பு, 14.3இலிருந்து 19 என்ற எண்ணைப் பார்த்த பிறகும் 22 நிலத்தோடுதான் தொடரப் போகிறேன். காரணத்தைச் சொல்கிறேன். என் கட்டில் நான்கு மானாவுக்கு மேல் விலையுள்ள கார்டே இல்லை, பாதிக்கு மேல் இரண்டுக்குள் அடங்கும். இரண்டு நிலத்தோடு நான் முழுதாக ஆட முடியும். பெரிய உயிரிகளை நம்பும் பச்சைக் கட்டாக இருந்தால் நீங்கள் சொன்னபடி 24க்கே திரும்பியிருப்பேன். ஆனால் எல்ஃபை நம்பி வைத்துக்கொண்ட கைகளுக்கான வரி இந்த மாதமே தொடங்கிவிட்டது. அதில் உடனே ஒரு கேள்வியும் எழுந்துவிட்டது. ஒரே ஒரு நிலம், ஒரு லானோவார் எல்ஃப், மற்ற ஐந்தும் மலிவான உயிரிகள். ஏழு கார்டும் ஆடத் தகுந்தவை. இந்தக் கையை வைத்துக்கொள்வீர்களா?

---

ஏழுகலைப்பு

மலிவான கட்டு என்றால் 22க்கு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை.

அந்தக் கைக்குப் பதில், முதலில் ஆடுவது யார் என்பதைப் பொறுத்தது. கையில் ஒரு நிலம் வந்துவிட்டதால், மீதி 53 கார்டுகளில் 21 நிலம் இருக்கும். நீங்கள் முதலில் ஆடினால் முதல் சுற்றில் கார்டு எடுக்க முடியாது, இரண்டாம் சுற்றுக்குள் ஒரே ஒரு கார்டுதான் பார்ப்பீர்கள். அது நிலமாக இருக்கும் வாய்ப்பு 40 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. இரண்டாவதாக ஆடினால் இரண்டு கார்டு பார்ப்பீர்கள், குறைந்தது ஒரு நிலமாவது வரும் வாய்ப்பு 64 விழுக்காடு. 40க்கும் 64க்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அதே ஏழு கார்டுதான், கை மட்டும் வேறு.

முதலில் ஆடினால் நான் மாற்றிவிடுவேன். தொடக்கக் கையை மாற்றுவதற்கு 2019இலிருந்து நடப்பிலுள்ள மல்லிகன் முறையில் மறுபடியும் ஏழு எடுத்துப் பார்த்துவிட்டு, வேண்டாத ஒன்றைக் கட்டின் அடியில் வைத்தால் போதும். முன்பு போல ஆறு மட்டும் எடுத்துத் தவிக்க வேண்டியதில்லை. அதனால் மோசமான ஏழை விடுவதற்கு இப்போது அவ்வளவு விலை கிடையாது. இரண்டாவதாக ஆடினால், எதிரில் என்ன நிறம் என்று தெரியாதபோது வைத்துக்கொள்வேன். முந்தைய ஆட்டத்தில் அவரிடம் லைட்னிங் போல்ட்டைப் பார்த்திருந்தால் அப்போதும் மாற்றிவிடுவேன். எல்ஃப் செத்து இரண்டாம் நிலமும் வராவிட்டால் அடுத்த மூன்று சுற்றுக்கு நீங்கள் வெறும் பார்வையாளர்.

உங்கள் வரியில் முதலில் ஆடினீர்களா இரண்டாவதாக ஆடினீர்களா என்பதற்கும் ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் எழுதினால் இரண்டு வேறு கைகளை ஒன்றாகக் கலந்துவிடுவீர்கள்.